அவர் ருசி பார்த்த விதம்

எனக்கு எண்பத்தாறு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என்ர அக்காவின் பிள்ளைகள். அக்கா கண்ணை மூடின பிறகு அவையும் என்ர பிள்ளைகள்தான், அதில் வேறு கதை இல்லை. ஆறு பேரும் என்ர கைச் சாப்பாட்டில் வளர்ந்தவர்கள். நாலாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துப்போட்டார்கள். பெயர் எழுதுவேன், பேப்பரில் பெரிய எழுத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனால் அடுப்படியில் என்னை வெல்ல ஒருவராலும் ஏலாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. டொக்கியாட் வீதியிலிருந்து லிங்கநகர் வரைக்கும் எங்கட சனத்தில் மிஞ்சியிருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். நான் சொல்லச் சொல்ல இதை என்ர பேத்தி எழுதுகிறாள். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்த வேணும் என்று சொல்லியிருக்கிறேன்.

சொல்ல வந்தது என்ர அவரைப் பற்றி. நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது அவர் முகம் இல்லை, ஒரு கிளாஸ். மெல்லிய கண்ணாடி, ஒற்றைக் கால், பிடித்தால் உடைந்துவிடுமோ என்று பயம் வரும். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போகேக்க, துரைமார் சாப்பிடுகிற மெஸ்ஸில் இருந்த சாமான்களை வேலை செய்த ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் கதிரையும் அலுமாரியும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு போக, இவர் இந்த ஒற்றைக் கிளாஸைப் பழைய துவாயில் சுற்றிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு நல்ல கோபம். அவர் அதைக் கழுவித் துடைத்தார். அடுப்பில் இருந்த தேயிலைச் சாயத்தில் கொஞ்சம் ஊற்றி, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சரித்துப் பார்த்தார். சாயத்தின் சிவப்பு அவருடைய வெள்ளைச் சேட்டின் கையில் விழுந்து ஆடியது. ஒரு மிடறு வாயில் வைத்துவிட்டு, "இஞ்சேரும், ராசா குடிக்கிற சாயம் இது" என்றார். என்ர கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பிடி ஒரு வாய் அவருக்கு.

அவர் கடற்படை மெஸ்ஸில் ஸ்டூவேட். துரைமாருக்கு வைன் ஊற்றிக் கொடுக்கிற வேலை. வைனை எந்தப் பக்கத்தால் ஊற்ற வேணும், எதைக் குளிரில் வைக்க வேணும், எதைத் திறந்து காற்றுப்பட விட வேணும், எல்லாம் அவருக்குத் தண்ணிப்பாடம். துரைமார் போன பிறகு கொஞ்சக் காலம் வாடிவீட்டு விடுதியில் வேலை. பிறகு உப்புவெளிப் பக்கம் கடற்கரையில் வெளிநாட்டுக்காரருக்கென்று ஒரு ஹொட்டேல் கட்டினார்கள், அங்கே கூப்பிட்டு எடுத்தார்கள். ஊருக்குள் அவருக்கு ஸ்டூவேட் ஐயா என்றுதான் பெயர். அவர் நல்லது என்றால் நல்லது, இன்னும் ஆறப் போடு என்றால் ஆறப் போட வேணும். வைன் விசயத்தில் பங்குச் சுவாமிக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

எங்கட வேதக்கார வீடுகளில் யேசு பிறந்த நத்தாருக்கு வைன் போடுவது வழக்கம். கள்ளுச் சாராயம் கையால் தொடாத வீட்டிலும் ஒரு சாடி வைன் குசினி மூலையில் இருக்கும். முந்திரிகை வத்தல் என்கிற காய்ந்த திராட்சை, சீனி, கொஞ்சம் கறுவா, கராம்பு, பொங்கி வர ஒரு பிடி அரிசி. சாடியின் வாயைத் துணியால் கட்டி மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். நத்தாருக்கு முந்தின மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு பெண்கள் எல்லாரும் சின்னச் சின்னப் போத்தலில் தங்கள் தங்கள் வைனை ஊற்றிக்கொண்டு எங்கட வீட்டு விறாந்தைக்கு வருவார்கள். நான் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து வைப்பேன். அவர் ஹொட்டேல் உடுப்போடு, பொத்தான் பூட்டி, அந்தக் கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு இருப்பார். போத்தலைத் திறந்து ஊற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்து நிறம் பார்ப்பார். தான் குடிக்க முதல் கிளாஸை வைன் போட்ட பெண்ணிடமே நீட்டுவார். "கை வைச்ச ஆள் முதல் குடிக்க வேணும். அதுதான் முறை" என்பார். அவள் வெட்கப்பட்டு ஒரு மிடறு குடிப்பாள். பிறகு இவர் குடித்து, கண்ணை மூடித் திறந்து சொல்லுவார். அந்த முறை எங்கேயிருந்து வந்ததென்று ஒருவரும் கேட்கவில்லை. மெஸ்ஸில் பழகின மனிசன், துரைமாரின் மரியாதையாக்கும் என்று நினைத்தோம்.

ஒருமுறை சண்டை வந்தது. எங்கட பள்ளிக்கூடத்து ரீச்சர் சீனியைக் கிள்ளித்தான் போடுவா. அவவின் வைன் கசப்பும் துவர்ப்புமாக நாக்கைப் பிடிக்கும். எதிர்வீட்டுத் தையல்காரரின் மனிசி சீனிப்பாணிபோலப் போடுவாள்.

"ரீச்சர், உங்கட வைனைக் குடிச்சிட்டுப் பிள்ளையள் எப்பிடி வாய்ப்பாடு சொல்லுதுகள்? எனக்கு வாயே திறக்க ஏலாமக் கிடக்கு."

"உன்ரயை மூடி வை பிள்ளை. சுவாமி ஆசீர்வதிக்க முதல் எறும்பு வந்திடும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் சுட்டுவிட்டது. எது நல்லது, சொல்லுங்கோ ஐயா என்று இரண்டு பேரும் நின்றார்கள். இவர் இரண்டையும் குடித்தார். "ரீச்சர் போட்டது ரீச்சருக்குத் திறம். இவ போட்டது இவவுக்குத் திறம். மாத்திக் குடிச்சாத்தான் பிழை" என்றார். அது நழுவல் கதை என்று ரீச்சர் விடவில்லை. அப்போதுதான் மெஸ்ஸில் இருந்த ஒரு பெரிய துரையின் கதையைச் சொன்னார். ஊரிலேயே விலை கூடின வைனைத் துரைமார் எல்லாம் ஆகா ஓகோ என்று குடிப்பார்களாம். அந்தப் பெரிய துரைக்கு அது பிடிக்காது. பெண்பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த மலிவான இனிப்பு வைன்தான் பிடிக்கும். மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று, இவர் அதைத் தேத்தண்ணிக் கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பாராம். எதைக் குடிக்கும்போது அவருக்கு முகம் மலர்ந்தது என்று இவருக்குத்தான் தெரியும். "போத்தலுக்குள்ள இருக்கிறது பாதிதான் ரீச்சர். மற்றப் பாதி குடிக்கிற ஆளிட்டை இருக்கு." அந்தச் சொல்லை நாங்கள் எல்லாரும் பெரிதாகப் பிடித்துக்கொண்டோம்.

இனி எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சொல்ல வேணும். அந்தக் காலத்தில் எங்கட ஆட்களில் ஆம்பிளைகள் சாப்பிட்டு எழும்பின பிறகுதான் பெண்கள் சாப்பிடுவது. என்ர அம்மா சட்டியைச் சுரண்டித்தான் சாப்பிட்டவ. ஆனால் கலியாணம் முடிந்து வந்த முதல் கிழமையே இவர் மேசைக்கு எதிர்ப்பக்கம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இதில இரும். ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவம்" என்றார். நான் மாட்டேன் என்று நின்றேன். அவர் சோற்றுக் கோப்பையில் கை வைக்கவில்லை. பிறகு இருந்தேன். "நீர் முதல் ஒரு வாய் வையும்" என்றார். நான் வைத்த பிறகுதான் அவர் வைத்தார். அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான். யன்னல் எப்போதும் திறந்திருக்க வேணும், வெளிச்சம் என்ர பக்கம் விழ வேணும். ஒவ்வொரு நாளும் ஒரு சொல் சொல்லுவார். "இண்டைக்குச் சொதி திறம்." "மீன் நேற்றையான் எண்டாலும் நீர் வைச்ச பக்குவத்தில தெரியேல்லை." குறை இருந்தாலும் சரியாகப் பிடிப்பார். உப்புக் கூடினால் கூடினது என்பார், தேங்காய்ப்பால் பிந்தினால் பிந்தினது என்பார். பொய்ப் புகழ்ச்சி இல்லாதபடியால்தான் எனக்கு அந்தப் புகழ்ச்சியில் அவ்வளவு பெருமை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைத் துரைசாணி என்று நக்கலடிப்பார்கள். "துரைசாணி சாப்பிட்டாச்சோ, இல்லாட்டித் துரைக்குப் பசிக்கேல்லையோ?" என்று வேலிக்கு மேலால் கேட்பார்கள். கேட்கட்டும். எந்த ஆம்பிளை தன்ர மனிசியை முதல் வாய் வைக்கச் சொல்லுவான்? இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கும் கிடைக்காத மரியாதை எனக்குக் கிடைக்கிறதென்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இப்பிடியே பிள்ளைகள் வளர்ந்து, மூத்தவள் கலியாண வயதுக்கும் வந்துவிட்டாள். அப்போது சாமான் தட்டுப்பாட்டுக் காலம். பாணுக்கும் வரிசை, சீலைக்கும் வரிசை. முந்திரிகை வத்தல் கண்ணிலும் காணக் கிடையாது. அந்த வருஷம் கப்பல்துறைப் பக்கத்தால் ஒரு ஆள் கொண்டுவந்து தந்த நாவற்பழத்தில்தான் வைன் போட்டேன். நிறம் என்றால் அப்பிடி ஒரு நிறம், பாதிரியாரின் தபசுகால ஊதா அங்கிபோல. போத்தலும் தட்டுப்பாடுதான். சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய்க்கு ஒரு போத்தல் கொண்டுபோனால், அதையே கழுவி நாளைக்கு நல்லெண்ணெய்க்கும் கொண்டுபோக வேணும். பெண்கள் வருகிற அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்நாள் என்ர இளையவள் போத்தல்களைச் சாம்பல் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். காய்ந்த பிறகு நான் வைனை வடித்து ஊற்றினேன்.

அடுத்த நாள் பூசை முடிந்து வந்தவர், பெண்கள் வர முதல் வீட்டு வைனைப் பார்ப்போம் என்றார். நான் ஒரு போத்தலை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் ஓடினேன். அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது, விட்டால் கருகிவிடும். விறாந்தையில் இருந்து அவருடைய குரல் கேட்டது.

"இஞ்சேரும்! இந்த முறை எல்லா வருஷத்தையும் வெண்டிட்டீர். நாவற்பழத்தின்ர வாசம் அப்பிடியே நிக்குது!"

எனக்கு உச்சி குளிர்ந்து போனது. கையைத் துடைத்துக்கொண்டு போனேன். கிளாஸில் முக்கால்வாசி முடிந்திருந்தது. மிச்சத்தை நான் எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை, அதுக்குள்ளேயே மண்ணெண்ணெய் மணம் மூக்கில் அடித்தது. லாம்புக்குள் மூக்கை விட்ட மாதிரி. போத்தல் சரியாகக் கழுவுப்படவில்லை. ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். இந்த மனிசன் குடித்துவிட்டு நாவற்பழ வாசம் நிற்குது என்று சொல்லுகிறார்.

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெல்ல மெல்ல அவிந்தது.

"ஆனா... ஏதோ ஒரு குறை கிடக்குது" என்றார்.

"என்ன குறை?"

"கொஞ்சம்... பிந்தி வருது. ஒரு கசப்பு."

"கசப்போ?"

என்ர முகத்தில் இன்னும் தேடினார். "இல்லை. பழம் கொஞ்சம் அழுகினதோ?"

அவர் ஊகித்துக்கொண்டிருந்தார். இருட்டில் சுவரைத் தடவுகிற ஆள்போல என்ர முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கிளாஸை அவருடைய மூக்குக்குக் கீழே பிடித்து, "மணந்து சொல்லுங்கோ. இது என்ன மணம்?" என்று கேட்டேன். அவர் மணக்கவில்லை. கிளாஸை வாங்கி மேசையில் மெதுவாக வைத்தார். படலையில் பெண்களின் கதைச் சத்தம் கேட்டது. "அவையள் போகட்டும். பிறகு சொல்லுறன்" என்றார். அவருடைய குரலை அப்பிடி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த முற்பகல் முழுவதும் நான் மூலையில் நின்று பார்த்தேன். எல்லாம் வழமைபோல நடந்தது. கிளாஸை நீட்டினார், அந்தப் பெண் குடித்தாள், இவர் அவளைப் பார்த்தார். ரீச்சரின் கண் கொஞ்சம் சுருங்கி விரிந்தது. "ரீச்சர், உங்கட முறையில திறம். இன்னும் ஒரு கிழமை விடுங்கோ" என்றார். தையல்காரரின் மனிசி குடித்தபிறகு இரண்டாம் மிடறுக்குக் கிளாஸை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்கள் இதை விட்டுக் குடுக்க மாட்டீங்கள்போல, அப்ப இதைவிட என்ன சொல்ல!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எத்தனையோ வருஷமாக ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வெட்ட வெளிச்சத்தில் இந்த மனிசன் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஒரு சனம் காணவில்லை. நான் காணவில்லை.

பெண்கள் போன பிறகு பிள்ளைகளைக் கோயிலடிக்கு அனுப்பிவிட்டு முன்னால் வந்து இருந்தேன். அவர் சொன்னார். எங்கட கலியாணம் பேசி முடிந்து, கோயிலில் கலியாண அறிவித்தலுக்கு எங்கட பேரும் கூப்பிட்ட பிறகு, ஒரு மழை நாள் இறங்குதுறைப் படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறேக்க பாசியில் வழுக்கிப் பின்மண்டை அடிபட விழுந்தாராம். விழுந்த கதை எனக்குத் தெரியும். தலையில் கட்டோடுதான் மாப்பிள்ளையாக நின்றவர். தெரியாதது மற்றது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது மருந்து மணம் மணக்கவில்லையாம். தடிமனில் மூக்கு அடைத்ததென்று நினைத்தாராம். தடிமன் மாறவேயில்லை.

"உப்புத் தெரியும், புளி தெரியும், இனிப்பு, கசப்பு, உறைப்பு எல்லாம் நாக்கில தெரியும். மற்றது ஒண்டும் இல்லை. கறுவாவும் ஒண்டுதான், கடதாசியும் ஒண்டுதான். மெஸ்ஸில தெரிஞ்சா வேலை போயிடும். உம்மட வீட்டில தெரிஞ்சா..." என்று நிறுத்தினார்.

"அப்ப என்ர சமையலை ஒருநாளும் நீங்கள்..."

நான் அழவில்லை. அழுகை வராத அளவுக்குத் திகைப்பு. இருபத்தைந்து வருஷம் இந்த மனிசனுக்குத் தாளித்த கருவேப்பிலை, வறுத்த மிளகாய்த்தூள், பொரித்த வெங்காயம், பனங்கட்டி போட்டுக் கிண்டின பயறு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து, ஒவ்வொன்றாகக் கடலுக்குள் விழுந்தன. வேறும் சில ஞாபகம் வந்தது. அலுமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்த கிழமை, அதுக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதலாகப் பேப்பர் வாசித்தவர். பிள்ளைகளின் பீத்துணியை முகம் சுளிக்காமல் தோய்த்துத் தந்தவர். அதை நான் அன்பென்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இன்றைக்கு யோசித்தால், மூக்கு இல்லாவிட்டாலும் தோய்த்தது தோய்த்ததுதானே. அன்றைக்கு அப்பிடி யோசிக்க முடியவில்லை. எதிரில் இருந்த என்ர கதிரை மட்டும்தான் தெரிந்தது.

"அப்ப என்னை முன்னால இருத்தினது இதுக்கோ? என்ர முகத்தைப் பார்த்து ருசி களவெடுக்கவோ?"

அவர் தலை குனிந்தார். "ஓம். முதல் இதுக்குத்தான்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு என்னைச் சமாதானப்படுத்தவென்று ஒரு கதை சொன்னார். "ஒருநாளும் இல்லை எண்டு சொல்லாதையும். ஒருநாள் முழுசாச் சாப்பிட்டனான். விழ முதல், பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கு. நீர் வைச்ச கணவாய்க் கறி. அந்த மணம் இன்னும் மண்டைக்குள்ள கிடக்குது. பிறகு நீர் எதைச் சமைச்சாலும் அந்த மணத்தை எடுத்துப் போட்டுத்தான் நான் சாப்பிட்டது."

"அண்டைக்கு நான் சாறி உடுத்துக்கொண்டு அறைக்குள்ள இருந்தனான். கணவாய் வைச்சது அக்கா" என்றேன்.

அந்த நேரம் அக்கா செத்து ஐந்தாறு வருஷம். அவவின் இரண்டு பிள்ளைகளும் எங்கட வீட்டில்தான். "அப்ப இவ்வளவு காலமும் நான் உம்மட அக்காவின்ர சமையலையோ சாப்பிட்டனான்?" என்றார். சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணி வடிந்தது. அது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்ல ஏலாது. இடையில் ஏவறை வேறு விட்டார், மண்ணெண்ணெய் மணம் குப்பென்று வந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. நான் எழும்பி உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நாள் தொடக்கம் நான் குசினிக்குள் குந்தியிருந்து சாப்பிட்டேன். ஊர்ப் பெண்களைப்போல, என்ர அம்மாவைப்போல. அவருக்கு மேசையில் மூடி வைத்தேன். ஒன்றும் கதைக்கவில்லை. அவர் பாதி சாப்பிட்டுப் பாதி விட்டார். சொதி திறம் என்ற சொல் நின்றுபோனது. வைத்தால் கழுவுகிற கோப்பை, அவ்வளவுதான். நத்தார் வந்தது, ஆட்டிறைச்சி வைத்தேன், பிள்ளைகள் விரல் சூப்பினார்கள். அவர் நாலு வாய் சாப்பிட்டு எழும்பினார். ஹொட்டேல் உடுப்புத் தோளில் தொங்கத் தொடங்கியது. மூத்தவள், "அம்மா, அப்பா மெலியிறார்" என்றாள். மெலியட்டும் என்றுதான் மனம் சொன்னது. இத்தனை வருஷம் ஏமாந்தவள் நான். என்னை ஒருவரும் கேட்கவில்லையே.

ஒரு மத்தியானம், நான் சட்டியோடு குந்தியிருக்க, குசினி வாசலில் நிழல் விழுந்தது. வெள்ளைக் காற்சட்டையோடு, கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றார். தேங்காய் திருவுகிற கட்டையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. அந்தக் கோலத்தைப் பார்த்தால் ஹொட்டேலில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

"என்னத்துக்கு வந்தனீங்கள்? உப்புப் புளி நாக்கில தெரியுமெல்லோ?"

"தெரியும். ஒரு மாதத்துக்கு மேல வெறும் உப்புப் புளிதான் திண்டனான். பசி போகுது, சாப்பிட்ட மாதிரி இல்லை."

"அப்பிடி என்ன என்ர முகத்தில கிடக்குது?"

அவர் யோசிக்கவில்லை, மளமளவென்று சொன்னார். "உப்புக் குறைஞ்சா இடது புருவம் கொஞ்சம் ஏறும். அதை நான் நாக்கிலயும் பிடிச்சிடுவன், எண்டாலும் உம்மட புருவத்தைத்தான் நம்புவன். தாளிதம் கருகினா மெல்லுறது கெதியாகும், விழுங்கித் துலைக்கப் பார்ப்பீர். மீன் பழசெண்டா முகத்தில ஒண்டும் இருக்காது, அப்பிடி ஒரு மறைப்பு, அதில இருந்தே தெரியும். சரியா வந்த நாளில, ரெண்டாம் வாய்க்கு முதல் ஒருக்கா யன்னலுக்கு வெளியில பார்ப்பீர். ஒண்டையும் பார்க்க மாட்டீர், சும்மா பார்ப்பீர். அந்த நேரம் நானும் வாயில வைப்பன். அது அக்காவின்ர கணவாய் இல்லை. அது என்ன எண்டு எனக்குப் பேர் தெரியாது."

கைச் சோறு கையிலேயே இருந்தது. மண்ணெண்ணெய் மணந்த நாளைவிட அன்றைக்குத்தான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. எனக்கு எழுத்து வராது. ஆனால் எதிரில் ஒரு ஆள் இத்தனை வருஷம் என்ர முகத்தை எழுத்து விடாமல் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். புருவம் ஏறுவது எனக்கே தெரியாது. பெற்ற தாய்க்குத் தெரியாது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல், "சோறு ஆறுது, சாப்பிடுங்கோ" என்றேன். அவர் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வாய் வைத்தேன். அவரும் வைத்தார். "தேங்காய்ப்பால் பிந்திப் போச்சு" என்றார். பிந்தினது உண்மைதான்.

அடுத்த நாள் மேசைக்குப் போனேன். மன்னித்துவிட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. மன்னித்தேனோ என்றும் தெரியாது.

அதுக்குப் பிறகு வந்த நத்தார்களில் பெண்கள் வருகிற நேரம் நானும் விறாந்தையில் இருந்தேன். ஒருமுறை ரீச்சரின் வைனைக் குடித்து எனக்கு வாய் கோணிப்போனது. இவர் என்னைப் பார்த்தார், கண்டார், கண்டும் திரும்பி ரீச்சரிடம், "திறம்" என்றார். போன பிறகு சண்டை பிடித்தேன். நீங்கள் ஆரின்ர நாக்கை நம்புறீங்கள், மனிசியின்ரயையோ ரீச்சரின்ரயையோ என்று கேட்டேன். "வைன் அவவின்ர. குடிக்கப்போறதும் அவ. உம்மட வாய் அதுக்குள்ள என்னத்துக்கு?" என்றார். பிறகு கிளாஸைத் துடைத்துக்கொண்டே, "எனக்கெண்டு ஒரு ருசி இருந்திருந்தா அதைத்தான் எல்லாருக்கும் ஊத்தியிருப்பன்" என்றார். பல வருஷம் கழித்துத்தான் அது எனக்குள் இறங்கியது. நாக்குக் கெட்டிக்காரர்கள் பலபேரை நான் கண்டிருக்கிறேன். தங்களுக்குப் பிடிக்காததைக் கூடாதது என்று சொல்லாத ஒரு ஆளை மட்டும்தான் கண்டேன். அந்த ஆளுக்கு மணம் தெரியாது.

எண்பதுகள் தொடங்கி, ஊர் குழம்ப முதல், ஒரு காலமை முகம் கழுவிக்கொண்டு நின்றவர் கிணற்றடியிலேயே சரிந்தார். செத்தவீட்டுக் கிரியைகள் எல்லாம் முடிந்து, வந்த சனம் போய், பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று ஒருநாள் கணவாய் வைத்தேன். மேசையில் இருந்தேன். எதிரில் கதிரை வெறுமையாக இருந்தது. ஒரு வாய் வைத்தேன். நன்றாக வந்திருக்கிறதோ இல்லையோ என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் வாய் வைத்தேன். தெரியவில்லை. என்ர மூக்கும் நாக்கும் எங்கேயும் போகவில்லை, மணமும் உறைப்பும் எல்லாம் தெரிந்தது. ஆனால் நல்லதோ கூடாதோ என்று சொல்ல ஏலவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வாய் வைத்த கையோடு நான் எப்போதும் எதிரில் நிமிர்ந்து பார்த்திருக்கிறேன். அவர் முகத்தில் வந்த பிறகுதான் சமையல் சரி என்று மனம் ஆறியிருக்கிறேன். அவர் என்ர முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டேன். அப்ப அந்தச் சாப்பாட்டை ருசி பார்த்தது ஆர்?

இத்தனை வயதாகியும் இதுக்கு எனக்கு மறுமொழி இல்லை. நினைத்தால் இன்றைக்கும் திக்கென்றுதான் இருக்கிறது. போன நத்தாருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பேரன் ஒரு போத்தல் வைன் கொண்டுவந்தான். போத்தலில் ஒட்டியிருந்த கடதாசியை வாசித்து, இதில் புகையிலை வாசம் வரும் அம்மம்மா, காய்ந்த பழ வாசம் வரும் என்று சொல்லித் தந்தான். குடிக்க முதலே என்ன தெரிய வேணும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்! குடித்தேன். என்னைச் சுற்றிப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக நின்றார்கள், எல்லாரும் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எப்பிடி என்று கேட்டார்கள். எழுதியிருக்கிறபடிதான் இருக்குது மோனே என்று சொல்லிவிட்டேன்.

சரி பிள்ளை, காணும். பேனையை வை. இப்ப முதலில் இருந்து ஒருக்கா வாசிச்சுக் காட்டு. அவசரப்படாமல் வாசி. அங்கே சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு இருக்காதை. கதிரையைத் திருப்பி, யன்னல் வெளிச்சத்துக்கு, எனக்கு முன்னால் இருந்து வாசி.